வியாசர்பாடி பட்டறை, சிசி கணக்கு எஸ்.எம்.ஏ-2 ஆகிவிட்டது. என்.பி.ஏ. (வாராக்கடன்) ஆகாமல் காப்பாற்ற வழி உண்டா?

கேள்வி: பட்டறைக்காரன், தண்டையார்பேட்டை

வணக்கம். வியாசர்பாடி சிட்கோ தொழிற்பேட்டையில் அண்ணனும் நானும் லேத் பட்டறை நடத்துகிறோம். அப்பா ஆரம்பித்தது. மூன்று லேத், ஒரு மில்லிங், ஒரு சிஎன்சி டர்னிங் மெஷின். லாரி உதிரிபாகங்கள், அதாவது புஷ், பின், ஷாஃப்ட் இவற்றைக் கடைந்து கொடுக்கிறோம். எங்களோடு சேர்த்து ஒன்பது பேர் வேலை செய்கிறோம்.

ஒரு பொதுத்துறை வங்கியில் 35 லட்சம் சிசி (கேஷ் கிரெடிட், அதாவது தொழில் செலவுக்கு எடுத்து எடுத்துக் கட்டும் கடன்) லிமிட் இருக்கிறது. சிஎன்சி வாங்க எடுத்த டேர்ம் லோனில் 11 லட்சம் பாக்கி. இரண்டுக்கும் தண்டையார்பேட்டையில் அம்மா பெயரில் உள்ள வீடுதான் அடமானம். அம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறார்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. சிஎன்சியின் கன்ட்ரோல் பேனலும் ஸ்பிண்டில் மோட்டாரும் போயின. இன்சூரன்ஸில் வந்தது செலவில் பாதிகூட இல்லை. மீதியை சிசியில் இருந்து எடுத்துத்தான் ரிப்பேர் பார்த்தோம். அதிலிருந்து சிசி எப்போதும் லிமிட்டை ஒட்டியே நிற்கிறது. ஆனாலும் வட்டியை ஒரு மாதமும் விட்டதில்லை.

எங்கள் வேலையில் பாதிக்கு மேல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள ஒரே கம்பெனிக்குத்தான் போகிறது. அவர்கள் 22 லட்சம் தர வேண்டும். ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அக்கவுன்ட்ஸில் கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள். பர்ச்சேஸ் ஆள் மட்டும் புது டிராயிங் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

போன வாரம் வங்கியிலிருந்து கணக்கு எஸ்.எம்.ஏ-2, அதாவது என்.பி.ஏ.வுக்கு முந்தைய கடைசி எச்சரிக்கை நிலை, ஆகிவிட்டது என்று மெசேஜ் வந்தது. போய்ப் பார்த்தேன். "மாசக் கடைசிக்குள்ள 15 லட்சம் கட்டி ரெகுலர் பண்ணுங்க. இல்லன்னா சிஸ்டமே என்.பி.ஏ. போட்டுடும், என் கையில எதுவும் இல்ல" என்றார் மேனேஜர். லிமிட் 35 லட்சம், நாங்கள் எடுத்திருப்பது 33 லட்சம்தானே, வட்டியும் கட்டியாயிற்றே என்று கேட்டேன். டிபி குறைந்துவிட்டது என்றார். எனக்குப் பிடிபடவில்லை. கடைசியாகக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் சரக்கு 12 லட்சம், வர வேண்டியது அந்த 22 லட்சத்தையும் சேர்த்து 38 லட்சம், ஸ்டீல் கடைக்கு நாங்கள் தர வேண்டியது 4 லட்சம்.

மார்க்கெட்டில் மீட்டர் வட்டிக்கு 15 லட்சம் வாங்கிப் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். மற்ற கஸ்டமர்களின் பணத்தை வேறு வங்கியில் கணக்கு திறந்து வாங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ஆட்களுக்குச் சம்பளம் போட முடியாது என்றும் சொல்கிறார். ஒரு சொந்தக்காரர் வீட்டை உடனே அக்கா பெயருக்கு எழுதி வைக்கச் சொல்கிறார். அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

என்.பி.ஏ. ஆனால் மறுநாளே வீட்டுக்கு வந்துவிடுவார்களா? நான் எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில்: ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பெரம்பூர்

தம்பி, நீங்கள் இன்னும் என்.பி.ஏ. ஆகவில்லை. மிச்சமிருக்கும் இந்தச் சில வாரங்களில்தான் விதிமுறைகள் உங்களுக்கு அதிகம் உதவும். அதை மேனேஜரிடம் வாயால் கெஞ்சியே கழித்துவிடாதீர்கள்.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவிலும் அப்புறம் வசூல் பிரிவிலும் இருந்தவன். வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலிப் பக்கம் எத்தனையோ பட்டறைகளுக்கு ஸ்டாக் பார்க்கப் போயிருக்கிறேன். நான் பார்த்த வாராக்கடன்களில் பெரும்பாலானவை ஏமாற்று வேலை இல்லை. மெஷின் ஓடும், சரக்கு போகும், பில்லும் போட்டிருப்பார்கள், பணம் மட்டும் வராது. வாங்கியவன் தாமதிப்பான், கெட்ட பெயர் கடைந்து கொடுத்தவனுக்கு. வேலையில் இருந்த காலம் முழுக்க எனக்கு இது பெரிய ஆற்றாமையாக இருந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டிபி என்றால் டிராயிங் பவர். 35 லட்சம் என்பது உச்சவரம்பு மட்டுமே. அந்த மாதம் அதில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை உங்கள் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்தான் முடிவு செய்கிறது. சரக்கு 12, வர வேண்டியது 38, கூட்டினால் 50. ஸ்டீல் கடை பாக்கி 4 போனால் 46. வழக்கமான 25 சதவீத மார்ஜினை, அதாவது நீங்கள் சொந்தமாகப் போட வேண்டிய பங்கைக் கழித்தால் 34.5 லட்சம். அப்போது 33 லட்சம் எடுத்திருந்தது சரிதான். ஆனால் 90 நாளைத் தாண்டிய பில்லைப் பொதுவாக வங்கிகள் டிபிக்குச் சேர்ப்பதில்லை. அந்த 22 லட்சத்தை எடுத்துவிட்டால் 46 என்பது 24 ஆகிறது. மார்ஜின் போக 18 லட்சம். நீங்கள் எடுத்திருப்பது 33. உங்கள் மேனேஜர் சொன்ன 15 லட்சம் இதுதான். சாங்ஷன் கடிதத்தில் உங்கள் மார்ஜின் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தொகை பொருந்துவதால் இதேதான் என்று நினைக்கிறேன்.

சிசி கணக்கில் பாக்கி, லிமிட்டையோ டிபியையோ தாண்டி 90 நாள் விடாமல் நின்றால் அது என்.பி.ஏ. வட்டியைக் கட்டியிருந்தாலும் அப்படித்தான். 30 நாளைத் தாண்டினால் எஸ்.எம்.ஏ-1, 60 நாளைத் தாண்டினால் எஸ்.எம்.ஏ-2. சிஸ்டமே போட்டுவிடும் என்று மேனேஜர் சொன்னதும் உண்மைதான். ஒவ்வொரு நாளும் கணக்கு முடிக்கும்போதே வகைப்படுத்திவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். என்.பி.ஏ. என்பது கணக்கைப் பார்த்து இல்லை, கடன் வாங்கியவரைப் பார்த்து. சிசி விழுந்தால், தவணை தவறாத டேர்ம் லோனும் கூடவே விழும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. நலிவுற்ற சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களை மீட்பதற்கு மத்திய அரசு 2015 மே மாதம் ஒரு நடைமுறையை அறிவித்தது. ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சில் அதை வங்கிகளுக்கு விதியாக்கியது. 25 கோடி வரை கடன் உள்ளவர்களுக்குப் பொருந்தும். 10 லட்சத்துக்கு மேல் என்றால் கிளை மட்டத்தில் முடிவெடுக்க முடியாது, வங்கியின் குழுவுக்குப் போக வேண்டும். அதில் மண்டல அதிகாரியோடு ஒரு வெளி நிபுணரும் மாநில அரசின் பிரதிநிதியும் இருப்பார்கள். வங்கி கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, நெருக்கடி வருகிறது என்று தெரிந்தால் நீங்களே விண்ணப்பிக்கலாம். எத்தனை பட்டறைக்காரர்களுக்கு இது தெரியும்? கிளையில் உள்ள பலருக்கே தெரியாது.

ஆகவே நாளைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் உத்யம் (சிறுதொழில்) பதிவு எண், கணக்கு எண்கள், 22 லட்சம் எந்தக் கம்பெனியிடம், எந்தெந்த பில்லில், எத்தனை நாளாக நிற்கிறது, கையில் இருக்கும் ஆர்டர், அடுத்த ஆறு மாதத்தில் மாதாமாதம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்ற கணக்கு. வெள்ளச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் கொடுத்த அறிக்கை இருந்தால் அதையும் இணையுங்கள், சிசி ஏன் உச்சியில் நிற்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. உத்யம் சான்றிதழை இணைக்காமல் விடாதீர்கள். கடிதத்தைக் கிளையில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு கிளைக்கும் மண்டல அலுவலகத்துக்கும் அனுப்புங்கள், ஈமெயிலும் போடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மனுக்கு, அதாவது குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். வாயால் சொன்ன எதுவும் வங்கியில் பதிவாகாது. மேனேஜர் மாற்றலாகிப் போனால் நீங்கள் சொன்னதும் அவரோடு போய்விடும்.

கடிதத்தில் என்ன கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். பலர் எடுத்த எடுப்பிலேயே ரீஸ்ட்ரக்சரிங், அதாவது கடன் நிபந்தனைகளைத் தளர்த்தி மாற்றியமைப்பது, கேட்பார்கள். கோவிட் காலத்தில் இருந்த சலுகை இப்போது இல்லை, ரீஸ்ட்ரக்சர் செய்தால் கணக்கு அதனாலேயே என்.பி.ஏ. ஆகிவிடும். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது ரெக்டிஃபிகேஷன். அதாவது பணம் எங்கிருந்து, எப்போது வரும் என்று காட்டி, இன்ன தேதிக்குள் கணக்கைச் சரிசெய்கிறேன் என்று உறுதி கொடுப்பது. வங்கிக்கு நஷ்டமில்லாத ஏற்பாடு என்பதால் அவர்களுக்கும் ஒப்புக்கொள்வது சுலபம். ஆனால் கடிதம் கொடுத்ததாலேயே 90 நாள் கணக்கு நின்றுவிடாது. அந்தப் பக்கம் பணத்தைத் துரத்திக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

கடிதத்தோடு கட்பேக் என்ற ஏற்பாட்டையும் கேளுங்கள். கணக்கில் வரும் பணத்தில் ஒரு பங்கை வங்கி பிடித்துக்கொண்டு, மீதியைச் சம்பளம், கரண்ட் பில், ஜிஎஸ்டிக்கு எடுக்க விடும். மேனேஜர் மேலிடத்தில் அனுமதி வாங்கித் தர முடியும். அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். வேறு வங்கிக்குப் பணத்தைத் திருப்பினால், வரவு நின்றுபோனதைப் பார்த்ததுமே நிதியை வேறு பக்கம் மாற்றுகிறார்கள் என்று ஃபைலில் எழுதிவிடுவார்கள். அந்த வரியை எழுதிவிட்டால் அப்புறம் எந்தக் குழுவும் இரக்கம் காட்டாது. நேர்மையாக வட்டி கட்டி வந்தவருக்கு அது தேவையா?

மீட்டர் வட்டி வேண்டவே வேண்டாம். 15 லட்சத்தைப் போட்ட அன்றே அது டிபி பள்ளத்தில் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. வட்டிக்காரருக்கு அடுத்த நாளே எதை வைத்துக் கொடுப்பீர்கள்? அதீத வட்டியைத் தடை செய்யும் 2003-ம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தைத் தேடிப் போகும் நிலைமைக்குள் நுழையாமல் இருப்பதுதான் உங்கள் குடும்பத்துக்கு நல்லது.

வீட்டை எழுதி வைப்பதைப் பற்றி வக்கீல் யாராவது சொல்லட்டும். அடமானத்தில் இருக்கும் சொத்தைக் கைமாற்றினாலும் வங்கியின் உரிமை போகாது, உங்கள் நாணயம்தான் போகும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கையெழுத்துப் போட்டவர் அவர். நோட்டீஸ் வந்தால் அவர் பெயருக்கும் வரும். தபால்காரர் மூலம் தெரியவிடாதீர்கள்.

அப்புறம் அந்த 22 லட்சம். உங்கள் உண்மையான பிரச்சினை வங்கியிடம் இல்லை, அங்கேதான் இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. மத்திய அரசின் சிறுதொழில் அமைச்சக இணையதளத்தில் மனு போட்டால், இந்த மாதிரி பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகும். உங்களுக்குச் சென்னைக் கவுன்சில். கவுன்சிலின் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் அந்தக் கம்பெனி 75 சதவீதத் தொகையை முதலில் கட்டியாக வேண்டும். மனு உடனே முடியாது, மாதக் கணக்கில் இழுக்கும். ஆனால் மனு போடப்போகிறோம் என்ற கடிதத்துக்கே சில இடங்களில் பணம் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பிடியும் இருக்கிறது. 1961-ம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவு 2024 ஏப்ரல் 1 முதல் வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் தராமல் வருட முடிவைத் தாண்டினால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாக அந்தக் கம்பெனியால் காட்ட முடியாது, பணம் கொடுக்கும் வருடத்தில்தான் காட்டலாம். கம்பெனியின் ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும். உங்கள் கடிதம் அக்கவுன்ட்ஸ் கிளார்க்கோடு நிற்காமல் ஃபைனான்ஸ் தலைவருக்கே போகட்டும்.

புது டிராயிங் விஷயத்தில் கறாராக இருங்கள். பழைய பாக்கியில் ஒரு பகுதி வராமல் கடனுக்கு ஒரு பீஸ்கூட அனுப்ப வேண்டாம்.

பதில்: ஊர்ப்பேச்சு, கொருக்குப்பேட்டை

பெரிய முதலாளிகளுக்கு ஆயிரக்கணக்கான கோடி தள்ளுபடி, பட்டறைக்காரனுக்கு மட்டும் வீட்டை ஏலம் விடுவார்களா? எங்கள் தெருவில் ஒரு வெல்டிங் கடைக்கு நோட்டீஸ் ஒட்டியதைப் பார்த்தேன். அந்த வீட்டுப் பெண்கள் வாசலுக்கே வரவில்லை. கட்டாமல் விடுங்கள், என்ன செய்கிறார்கள் பார்ப்போம்.

பதில்: ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பெரம்பூர்

உங்கள் கோபம் நியாயமானது தம்பி, ஆனால் அந்த யோசனை வேண்டாம். பத்திரிகையில் தள்ளுபடி என்று வருவதில் பெரும்பகுதி கணக்குப் புத்தகத்திலிருந்து நீக்குவதுதான். வசூல் நடவடிக்கை அதற்குப் பிறகும் நடக்கும். பெரிய கடனில் வங்கிக்கு எவ்வளவு திரும்பி வருகிறது என்பது வேறு விவாதம், அதில் எனக்கும் மன வருத்தம் உண்டு. ஆனால் அதை நம்பி இவர் அம்மாவின் வீட்டைப் பணயம் வைக்க முடியாது.

பதில்: நைட்டி யூனிட், பழைய வண்ணாரப்பேட்டை

அண்ணா, நான் எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுக்கும் யூனிட் வைத்திருக்கிறேன். நீங்கள் இப்போது நிற்கும் இடத்தைத் தாண்டி நான் என்.பி.ஏ. வரைக்கும் போய் வந்தவள். 2020-ல் கடைகள் மூடிக் கிடந்தபோது ஆறு மாத மாரடோரியம் கிடைத்தது, அப்புறம் அவசரக் கடன் திட்டத்தில் பழைய பாக்கியில் 20 சதவீதம் கூடுதல் கடனும் கொடுத்தார்கள். அப்போது அது மூச்சு விட உதவியது. ஆனால் வியாபாரம் திரும்புவதற்குள் இரண்டு கடனுக்கும் சேர்த்துத் தவணை தொடங்கியது.

என் கடன் ஈடு இல்லாதது, சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற அரசு அமைப்பின் உத்தரவாதத்தில் வாங்கியது. கட்ட முடியாவிட்டால் அரசாங்கமே கொடுத்துவிடும், நமக்கு ஒன்றுமில்லை என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அப்படி இல்லை. அந்த உத்தரவாதம் வங்கிக்குத்தான். அவர்கள் அங்கே பணம் வாங்கிக்கொண்டாலும் நம் கடன் அப்படியே நம் தலையில் நிற்கும். யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்.

கடைசியில் ஒருமுறைத் தீர்வு, அதுதான் ஓ.டி.எஸ்., அதில் முடித்தேன். கொஞ்சம் குறைத்தார்கள், உண்மை. ஆனால் சிபில் அறிக்கையில் முழுதாகக் கட்டினார் என்று வராது, செட்டில்டு என்று வரும். ஓ.டி.எஸ். முடித்த பிறகு குறைந்தது 12 மாதத்துக்கு அதே வங்கி புதுக்கடன் தரக் கூடாது என்று 2023-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. மற்ற வங்கிகளும் செட்டில்டு என்ற சொல்லைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிடுகிறார்கள். தீபாவளி சீசனுக்குத் துணி எடுக்கக் கையில் காசில்லாமல், வந்த ஆர்டரைப் பக்கத்து யூனிட்டுக்குக் கொடுத்தேன். ஓ.டி.எஸ். நம் உரிமையும் இல்லை, வங்கி விரும்பினால்தான். உங்களிடம் ஆர்டர் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, வர வேண்டிய பணம் இருக்கிறது. அதனால் அந்தப் பேச்சை இப்போதே எடுக்காதீர்கள்.

வசூல் ஏஜென்ட் போன் வந்தால் பயப்படாதீர்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. நான் நேரத்தையும் பேசியதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, வங்கிக்குக் கடிதம் போட்ட பிறகுதான் நிறுத்தினார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள் என்று சார் சொன்னதை நானும் சொல்கிறேன். நான் வீட்டில் சொன்ன அன்றுதான் ஒழுங்காகத் தூங்கினேன்.

பதில்: டி.ஆர்.டி. வழக்கறிஞர், எருக்கஞ்சேரி

வீடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். மறுநாளே யாரும் வர முடியாது.

என்.பி.ஏ. ஆன பிறகுதான் 2002-ம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி (அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் சட்டம்) 13(2) நோட்டீஸ் வரும். உங்களுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக. அதில் 60 நாள் அவகாசம் உண்டு. பெரும்பாலானவர்கள் இந்த 60 நாளைப் பயத்திலேயே கழித்துவிடுகிறார்கள். அதற்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்தால், வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். 60 நாள் முடிந்த பிறகு 13(4) படி சுவாதீன நோட்டீஸை வீட்டுக் கதவில் ஒட்டி, இரண்டு பத்திரிகைகளில் வெளியிடுவார்கள். இது காகிதத்தில் எடுக்கும் சுவாதீனம், அம்மா வெளியேற வேண்டியதில்லை. நிஜமாகவே வீட்டைக் கையில் எடுக்க, பொதுவாக வங்கி நடுவரிடம் மனு போட்டு உத்தரவு வாங்கும். சுவாதீன நடவடிக்கையிலிருந்து 45 நாளுக்குள் நீங்கள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு, அதாவது டி.ஆர்.டி.க்குப் போகலாம். இந்த 45 நாளைத் தவறவிட்டு என்னிடம் வருபவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கும். ஏல அறிவிப்பு வெளியாகும் வரை முழுப் பாக்கியையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை இருக்கிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகு அதைத் தாண்டினால் கிடைக்காது.

அக்கா பெயருக்கு எழுதி வைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அந்தச் சொத்தை மாற்றக் கூடாது என்று 13(13) சொல்கிறது. அதற்கு முன் மாற்றினாலும் அடமானம் சொத்தோடு சேர்ந்தே போகும். அக்காவையும் வழக்கில் இழுத்துவிட்டது மட்டும்தான் மிச்சமாகும். ஹைப்பாதிகேஷனில், அதாவது கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்து, நம் கையிலேயே இருக்கும் மெஷினை விற்பதும் அதே மாதிரிதான், அது குற்ற வழக்காகவே போகலாம்.

பெரம்பூர் சார் சொன்ன 2016 நடைமுறையைப் பற்றி ஒரு வார்த்தை. அதை வங்கிகள் பின்பற்றியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொன்னது. அதே தீர்ப்பில், தான் சிறுதொழில் நிறுவனம் என்பதற்கான ஆவணத்தைக் காட்டி உரிய நேரத்தில் கேட்க வேண்டியது கடன் வாங்கியவரின் பொறுப்பு என்றும், சர்ஃபாசி நடவடிக்கை எல்லாம் முடியும் வரை சும்மா இருந்துவிட்டுக் கடைசியில் கிளப்ப முடியாது என்றும் சொன்னது. உத்யம் சான்றிதழை இணைத்து இப்போதே முத்திரை வாங்கச் சொன்னதன் சட்டப் பலன் இதுதான். நாளை நான் வாதாட வேண்டி வந்தால் அந்த ஒரு நகல்தான் எனக்குப் பிடிமானம்.

கேள்வி கேட்டவர்: பட்டறைக்காரன், தண்டையார்பேட்டை

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. அப்பா காலத்திலும் ஒரு கம்பெனி இப்படி ஏமாற்றியதைப் பற்றிச் சொன்னார், எனக்கு அது இதுவரை தெரியாது. அண்ணனும் மீட்டர் வட்டிப் பேச்சை விட்டுவிட்டார்.

கடிதத்தைக் கிளையில் முதலில் வாங்கவில்லை. மண்டல அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டும் ஈமெயிலும் போட்ட பிறகு மேனேஜரே கூப்பிட்டு முத்திரை போட்டுக் கொடுத்தார். குழுவுக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்கிறார், தேதி இன்னும் வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியின் ஃபைனான்ஸ் தலைவருக்கு 43பி(எச்) பற்றியும் கவுன்சில் பற்றியும் எழுதினேன். அடுத்த வாரமே 8 லட்சம் போட்டார்கள். மீதி 14 லட்சத்தை இரண்டு தவணையாகத் தருவதாகத் தேதி குறித்து ஈமெயில் வந்திருக்கிறது. 8 லட்சத்தில் 6 லட்சத்தை வங்கி வைத்துக்கொண்டு, சம்பளத்துக்கும் ஜிஎஸ்டிக்கும் 2 லட்சம் எடுக்க விட்டார்கள். ஆக, பாக்கி 27 லட்சம். மற்ற கஸ்டமர்களுக்குப் புது பில் போட்டதில் நிகரமாக 4 லட்சம் கூடியிருக்கிறது.

ஆனால் 90 நாள் முடிய இன்னும் சில நாள்தான் இருக்கிறது. அம்மா தன் நகையைத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா சார்? அப்படியும் என்.பி.ஏ. ஆகிவிட்டால் அப்புறம் வெளியே வர முடியுமா?

பதில்: ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பெரம்பூர்

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி. கணக்கு போடுவோம். புது பில் 4 லட்சத்துக்கு மார்ஜின் போக 3 லட்சம் டிபி கூடும். 18 என்பது 21 ஆகிறது. பாக்கி 27. இடைவெளி 15 லட்சத்திலிருந்து 6 லட்சத்துக்கு வந்துவிட்டது.

6 லட்சத்துக்கு நகை வைப்பது வேறு, 15 லட்சத்துக்கு மீட்டர் வட்டி வாங்குவது வேறு. வங்கி நகைக்கடனின் வட்டி உங்களால் தாங்கக்கூடியது. ஆனால் நான் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதிப்பேன். அந்தக் கம்பெனியின் ஈமெயிலில் முதல் தவணைத் தேதி அடுத்த இரண்டு மாதத்துக்குள் இருக்க வேண்டும், அதற்குப் பின்தேதியிட்ட காசோலை கேட்டு வாங்குங்கள். காசோலை தர மறுத்தால் அம்மாவின் நகையைத் தொடாதீர்கள். அந்தக் கம்பெனி ட்ரெட்ஸ் தளம் ஏதாவது ஒன்றில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் இனிமேல் போடும் பில்களை அதில் ஏற்றச் சொல்லுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட பில்லுக்கு ஒரு நிதி நிறுவனம் வட்டியைக் கழித்துக்கொண்டு முன்கூட்டியே பணம் கொடுக்கும். பின்னால் கம்பெனி கட்டாவிட்டாலும் உங்களிடம் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

என்.பி.ஏ. ஆனாலும் வெளியே வரலாம். ஆனால் கொஞ்சம் கட்டினால் போதாது, இரண்டு கணக்கிலும் உள்ள நிலுவை முழுவதையும், அதாவது கெடு தாண்டிய அசலையும் வட்டியையும், கட்டித் தீர்த்தால்தான் மறுபடி ஸ்டாண்டர்டு, அதாவது ஒழுங்கான கணக்கு ஆக்குவார்கள். அதற்குள் டேர்ம் லோன் தவணை எதுவும் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடைக்க வேண்டிய தொகை அதனால் கூடிவிடும்.

புது பில்களைச் சேர்த்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை மாதம் முடியும் வரை வைத்திருக்காமல் இந்த வாரமே கொடுங்கள். நீங்கள் கொடுக்காமல் சிஸ்டத்தில் டிபி கூடாது. கம்பெனி அனுப்பிய ஈமெயிலையும் அதோடு இணைத்து, வழக்கம்போல நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். குழுவின் தேதி வந்ததும் இங்கே எழுதுங்கள், அங்கே பேச வேண்டியதைச் சேர்ந்து தயார் செய்வோம்.